குறை சொல்ல ஒன்றுமில்லை

14, டாக் தெரு,
மார்ஷ்கேட்.
பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ரஸ்ஸலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே நன்றாக இருக்கிறோம். நீயும் மெரியானாவும் என் குட்டிப் பேரன் ஓட்டிஸும் நியூசிலாந்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. பேனா சரியில்லை.

ஃபோனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று நினைப்பாய். நாம் பேசும்போதெல்லாம் அப்பா அதே அறையில்தான் இருக்கிறார். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஏதோ ஜன்னலைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டு, காதை மட்டும் என் பக்கம் வைத்திருப்பார். அவர் எதிரில் சொல்ல முடியாத விஷயம் இது. தவிர, இதோடு ஒரு காகிதமும் வைத்திருக்கிறேன். மடித்த காகிதம். கடிதத்தை முழுக்கப் படித்த பிறகு அதைப் பிரி.

ஊர்ச் செய்தி என்று பெரிதாக இல்லை. கடைத்தெருவில் மிச்சமிருந்த ஒரே வங்கியையும் மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசும் கடை வந்திருக்கிறது. அதோடு சேர்த்து மூன்று. இந்த ஊரில் அத்தனை நகம் யாரிடம் இருக்கிறதோ. டாக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் காலை எட்டு மணிக்கு ஃபோன் செய்ய வேண்டும். எட்டு அடித்த கையோடு கூப்பிட்டாலும் நீங்கள் வரிசையில் இருபத்தேழாவது ஆள் என்று ஒரு குரல் சொல்கிறது. மற்ற இருபத்தாறு பேரும் ஏழே முக்காலுக்கே எங்கிருந்து கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

பக்கத்து வீட்டு லொரெய்ன் உன்னை விசாரித்தாள். எங்கள் குப்பைத் தொட்டியையும் இப்போது அவள்தான் வாசலுக்கு இழுத்து வைக்கிறாள். எந்த வாரம் பச்சைத் தொட்டி, எந்த வாரம் பழுப்புத் தொட்டி என்பது இந்தத் தெருவில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். நாங்கள் எல்லோரும் அவள் வாசலைப் பார்த்துத்தான் எடுத்து வைப்போம்.

எங்கள் தொட்டியை அவள் ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்பாய். சுற்றி வளைத்தது போதும், சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை ரஸ்ஸல். இரண்டரை வருடமாகிறது. பார்க்கின்சன் நோய் என்றார்கள். முதலில் இடது கை கட்டைவிரல் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. குளிருக்கு என்றார், நானும் நம்பினேன். இப்போது இரண்டு கையும் நடுங்குகின்றன. நடக்கும்போது நடுவில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. குரல் சன்னமாகி, ஒரு வார்த்தையோடு இன்னொன்று குழைந்து வருகிறது. பழகாதவர்களுக்குப் புரிவது கஷ்டம். சட்டைப் பொத்தான் போடுவது, குளிப்பது, கட்டிலிலிருந்து எழுவது எல்லாவற்றுக்கும் நான் வேண்டும். நாற்பது வருடம் கூரை மேல் ஏறி ஓடு மாற்றியவர், ஒரு தடவை கூட விழாதவர், இப்போது அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவில் இருக்கும் அந்த அரை அங்குலப் படியைப் பார்த்துப் பயப்படுகிறார்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். மூன்று கிறிஸ்துமஸ் அட்டையில் அப்பா நலம் என்று எழுதி அனுப்பினேன். மூன்றும் பொய். என்னை மன்னித்துவிடு.

ஏன் சொல்லக்கூடாது என்றார் என்பது உனக்கும் தெரியும். ஆறு வருடத்துக்கு முந்தைய அந்தக் காலையை நாம் மூன்று பேரும் ஒரு தடவை கூட வாய்விட்டுப் பேசியதில்லை. நீ ஆம்புலன்ஸ் கூப்பிடுகிறவர்களின் ஃபோனை எடுக்கும் வேலையை விட்டு வந்து, உன் பழைய அறையில் கதவைச் சாத்திக்கொண்டு எட்டு மாதம் இருந்தாய். உன்னை அந்த வேலையை விடவைத்த அந்தக் குழந்தையின் அழைப்பைப் பற்றி என்னிடம் பாதிதான் சொன்னாய். மீதியை நான் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். அரசாங்கம் கொடுத்த உதவித்தொகையில் நீ இருந்தது அப்பாவுக்குப் பெரிய மானக்கேடாக இருந்தது. அவருக்குத்தான் அந்த ரேடியோ நிகழ்ச்சி பைத்தியமாயிற்றே. தினம் பத்து மணிக்கு ஊர் உலகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் பற்றி யாராவது கூப்பிட்டுச் சண்டை போடுவார்கள். அப்பா வாரம் ஒரு தடவையாவது கூப்பிடுவார். மார்ஷ்கேட் க்ளிஃப் என்றால் அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும். அன்றைக்கு, வேலைக்குப் போகாமல் உதவித்தொகை வாங்கும் இளைஞர்களைப் பற்றிப் பேச்சு. அவர் பின்புறக் கொட்டகையிலிருந்து ரேடியோவுக்கு ஃபோன் போட்டார். நீ ரொட்டி வாட்ட அடுப்படிக்கு இறங்கி வந்தாய். அங்கே ரேடியோவில் அப்பாவின் குரல் ஓடிக்கொண்டிருந்தது.

"என் வீட்டுலயே ஒருத்தன் இருக்கான். கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. மனசு சரியில்லையாம். எங்க காலத்துல மனசுன்னு ஒண்ணு இருக்குறதே எங்களுக்குத் தெரியாதே. நாங்க பாட்டுக்கு வேலைக்குப் போனோம்."

நிகழ்ச்சி நடத்துகிறவர் ஜெஃப் விழுந்து விழுந்து சிரித்தார். ரொட்டி கருகியது. நீ அதை எடுக்கவே இல்லை. மூன்று மாதத்தில் விமானம் ஏறிவிட்டாய்.

இனி மேலே சொல்கிறேன். நவம்பரில், என்னால் ஒண்டியாகச் சமாளிக்க முடியவில்லை என்று ஊர் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டேன். காலையும் மாலையும் ஒரு ஆள் வந்து அப்பாவைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுத்திவிட உதவி செய்வார். ஆனால் முதலில் ஒருவர் வந்து, நிஜமாகவே முடியாதவர்தானா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு போக வேண்டும். எழுதிப் போட்டதைச் சொன்னதும் அப்பாவுக்குக் கோபம். "கை நீட்டுறவங்கள ரேடியோல கிழிச்சவன் நான். இப்ப நானே கை நீட்டவா?" என்று கேட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி, வரட்டும் என்றார். அப்படிப் பார்க்க ஆள் வரும் நாளில் காலையிலேயே என்னைச் சவரம் செய்துவிடச் சொன்னார். நல்ல சட்டை, டை. வருகிறவர்கள் முன்னால் பிச்சைக்காரன் மாதிரி இருக்க முடியாதாம். பிச்சைக்காரன் மாதிரி இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

வந்த பெண் சின்னப் பெண், தங்கமான குணம். மழையில் நனைந்து வந்தாள். மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். தூக்கம் எப்படி? பரவாயில்லை. நடக்க முடிகிறதா? ஏதோ ஓடுகிறது. வலி இருக்கிறதா? குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊரில் யாராவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் வேறு என்ன சொல்லுவோம்? சவப்பெட்டிக்குள் கிடக்கும்போது கேட்டாலும் இதைத்தான் சொல்லுவோம். நான் நடுவில் புகுந்து உண்மையைச் சொல்லப் போனேன். நோரின், விருந்தாளியைப் பேசவிடு என்று என்னை அடக்கினார்.

அதோடு விட்டாரா? அந்தப் பெண் நனைந்து வந்திருக்கிறாளே, இன்னும் ஒரு வாய் டீ கொடுக்கவில்லையே என்று எழுந்துவிட்டார். நான் போடுகிறேன் என்றேன். கேட்கவில்லை. வீட்டுக்கு ஒரு பெண் பிள்ளை வந்து டீ இல்லாமல் போனாள் என்ற பேச்சே க்ளிஃபர்ட் ஹெஸ்கெத் வீட்டில் வரக்கூடாது. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பாதி சாஸரில். ஆனால் கொண்டுவந்துவிட்டார் ரஸ்ஸல். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமையை ரொம்ப நாள் கழித்துப் பார்த்தேன். அந்தப் பெண்ணும் அருமையான டீ என்றாள். அவள் போன பிறகுதான் பார்த்தேன், இடது மணிக்கட்டில் கொதிதண்ணீர் கொட்டித் தோல் உரிந்திருந்தது. சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டே உட்கார்ந்து சிரித்துப் பேசியிருக்கிறார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நான் அதை மனப்பாடமாகவே சொல்லுவேன். "திரு. ஹெஸ்கெத் தாமாகவே தேநீர் தயாரித்து, எடுத்து வந்து பரிமாறுகிறார்." ஆகவே உதவிக்கு ஆள் தேவைப்படவில்லை. குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்தித் தருகிறார்களாம். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. பார்த்ததைத்தானே எழுதினாள்.

கம்பி இன்னும் வரவில்லை. ஜனவரி இருபத்தொன்றாம் தேதி காலை அப்பாவைக் குளிப்பாட்டிவிட்டுத் தூக்கும்போது என் கால் வழுக்கிவிட்டது. அவரும் என் மேலேயே விழுந்தார். என் வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. இப்போது இடது கையால்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பேனா நன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்பதரை மணியிலிருந்து பன்னிரண்டு வரை குளியலறைத் தரையில் கிடந்தோம். எழுந்திருக்க முடியவில்லை. நான் லொரெய்னைக் கத்திக் கூப்பிடப் போனேன். வேண்டாம், பாவம், அவளுக்கு ஆயிரம் வேலை என்றார். ஃபோன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருந்தாலும் ஆம்புலன்ஸைக் கூப்பிட விட்டிருக்க மாட்டார். நம்மைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருப்பார்கள் என்பார். துண்டை எடுத்து அவர் மேல் போர்த்தினேன். உன் நினைவு வந்தது. அந்த வேலையில் சேர்ந்த புதிதில் நீ சொல்லுவாய், பேச முடியாதவர்கள்தான் அதிகம் கூப்பிடுகிறார்கள் அம்மா, வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும், "லைன்லயே இருங்க, நான் எங்கயும் போகல" என்று ஒரு நாளைக்கு ஐம்பது தடவை சொல்லுவேன் என்று. அதையே அவரிடம் சொன்னேன். எங்கேயும் போகிற நிலையிலும் நான் இல்லை என்பது வேறு விஷயம்.

அடுப்படியில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணிக்கு ஜெஃப் ஆரம்பித்தார். மறுபடியும் அதே பேச்சு. மனசு சரியில்லை என்று வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுக்கலாமா கூடாதா. அடுத்த டவுனிலிருந்து ஒரு ஆள் கூப்பிட்டு, கை கால் நன்றாக இருக்கிறவனுக்கு என்ன கேடு என்று கேட்டான். ஜெஃப் சிரித்தார். அப்பா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு சொன்னார்: "அது நான்தான், நோரின். அந்தக் குரல் நான்தான்."

அழுதாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இரண்டு பேர் முகமும் ஈரமாகத்தான் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு லொரெய்ன் சூப்பு கொண்டுவந்தபோதுதான் எங்களைப் பார்த்தாள். அன்றிலிருந்து தொட்டியும் அவள்தான் இழுக்கிறாள், காலையில் அப்பாவைத் தூக்கவும் அவள்தான் வருகிறாள். கோடை வரைக்கும்தான். பிறகு அவள் மகள் வீட்டோடு போகிறாள்.

போன செவ்வாய்க்கிழமை வரைக்கும் அப்பா ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போனால் கையால் மறைத்துக்கொள்வார். குறுக்கெழுத்து என்றார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ரேடியோவுக்கு ஃபோன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். இப்போது நியூசிலாந்தில் மணி என்ன என்று கேட்டார். ராத்திரி பதினொன்று என்றேன். அவன் தூங்கியிருக்க மாட்டான் இல்லையா என்றார். நீ அங்கிருந்து ஃபோனில் நம் ஊர் ரேடியோவில் ஃபுட்பால் வர்ணனை கேட்பதாக நான் எப்போதோ சொன்னதை மனதில் வைத்திருக்கிறார். நீ ஜெஃப் நிகழ்ச்சியையும் கேட்பாய் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

நாற்பது நிமிடம் காத்திருந்தார். காகிதத்தைத் தொடையில் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். லைன் கிடைத்தது. மார்ஷ்கேட் க்ளிஃப், ரொம்ப நாளாச்சே என்று ஜெஃப் வரவேற்றார். அப்பா வாயைத் திறந்தார். என் மகன் என்பது வந்தது, ஆனால் குழைந்து வந்தது. அப்புறம் ஒன்றும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. நான் அடுப்படியில் நின்று அந்த மௌனத்தை ரேடியோவில் கேட்டேன்.

"என்ன க்ளிஃப், காலையிலயே ஊத்திக்கிட்டீங்க போல," என்றார் ஜெஃப். பின்னால் யாரோ சிரித்தார்கள். "சரி சரி. மத்தபடி எப்படி இருக்கீங்க? நல்லா இருக்கீங்களா?"

அதற்கு மட்டும் அப்பாவுக்குப் பதில் வந்தது. மணி அடித்த மாதிரித் தெளிவாக வந்தது.

"குறை சொல்ல ஒண்ணுமில்ல."

அவ்வளவுதான். ஜெஃப் நன்றி சொல்லிவிட்டுச் சாலை நெரிசல் பற்றிப் பேசப் போய்விட்டார். அப்பா ஃபோனைக் கீழே வைத்தார். வைக்கவே ரொம்ப நேரமாயிற்று. டீக்குத் தண்ணீர் வை என்றார். அந்தக் காகிதத்தைக் குப்பைக் கூடையில் போட்டார்.

நீ அன்றைக்குக் கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால், அப்பா குடித்திருந்தார் என்று நினைத்துவிடாதே. மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து ஒரு சொட்டு பீர் தொட்டதில்லை. கேட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், அவர் என்ன சொல்ல வந்தார் என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும். அதனால்தான் குப்பைக் கூடையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன். எழுத்து ரொம்பச் சின்னது. முதல் வரி கண்ணுக்குத் தெரியும், போகப் போகத் தேய்ந்து கடைசி வரி நூல் மாதிரி இருக்கும். அது அவர் வியாதி. பூதக்கண்ணாடி வைத்து நான் படித்ததை இங்கே எழுதுகிறேன், உனக்குச் சிரமம் வேண்டாம்.

"ஆறு வருடத்துக்கு முன்னால் இங்கே என் மகனைப் பற்றி ஒன்று சொன்னேன். அது தப்பு. அவன் சோம்பேறி இல்லை. அவனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, எனக்குப் புரியவில்லை. வெளியே தெரியாத வியாதியும் வியாதிதான். இத்தனை பேர் கேட்க அதைச் சொன்னேன், அதனால் இத்தனை பேர் கேட்கவே மன்னிப்புக் கேட்கிறேன். நேரம் கொடுத்ததற்கு நன்றி."

ஜெஃப்புக்கு நன்றி சொல்ல மறக்கவில்லை பார். உன் அப்பா.

ஓட்டிஸ் படத்தை நீ அனுப்பும்போதெல்லாம் நான் ஃபோனைத் திறந்தபடி அவர் நாற்காலிக் கையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் திரை அணைந்துவிடும். அதைத் தட்டி எழுப்ப அவர் விரலால் முடியாது. உன் ஃபோன் அணைந்துவிட்டது என்று கடுகடுவென்று கூப்பிடுவார், ஏதோ எனக்கு உபகாரம் செய்கிற மாதிரி. நான் போய்த் திறந்து வைத்துவிட்டு வருவேன். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

உன்னை வந்து எங்களைப் பார்த்துக்கொள் என்று நான் கூப்பிடவில்லை. உனக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது, அது கிடைக்க நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். கவுன்சிலுக்கு மறுபடி எழுதுகிறேன். இந்தத் தடவை வருகிறவர்களுக்கு நான்தான் டீ போடுவேன், அதையும் என் உடைந்த கையோடு போடுவேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அவரைக் கூப்பிடு. என்னை அல்ல, அவரை. ஞாயிற்றுக்கிழமை இங்கே காலை நேரமாகப் பார்த்துக் கூப்பிடு, அப்போதுதான் மாத்திரை வேலை செய்யும், குரல் கொஞ்சம் நன்றாக இருக்கும்.

எப்படி இருக்கிறீர்கள் அப்பா என்று கேட்பாய். குறை சொல்ல ஒன்றுமில்லை என்பார். உடனே வந்துவிடும் அந்தப் பதில். அதோடு வைத்துவிடாதே, ரஸ்ஸல். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்காது. ஒரு நிமிடம் கேட்காது, இரண்டு நிமிடம் கேட்காது. வெறும் மூச்சுச் சத்தம்தான் கேட்கும். முகம் தெரியாத எத்தனையோ பேரிடம் சொன்னாயே, அதை அவரிடமும் சொல்லு. லைனிலேயே இருங்கள், நான் எங்கேயும் போகவில்லை என்று சொல்லு.

முதல் வரியில் நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எழுதியிருக்கிறேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அதை அடித்துவிட்டுப் படி.

நீ நன்றாக இரு, கண்ணே. கேட்கிறவர்களுக்குச் சொல்வதற்காக இல்லாமல், நிஜமாகவே நன்றாக இரு. மெரியானாவுக்கு என் அன்பு. ஓட்டிஸின் இரண்டு கைக்கும் ஒவ்வொரு முத்தமாகக் கொடு, ஒன்று என்னுடையது.

இப்படிக்கு,
உன் அம்மா,
நோரின்